கடைசிப் பெட்டியில் விழுந்த இரண்டு

சச்சிதானந்தனுக்கு ஒரு பெருமை இருந்தது. எண்ணில் பொய் எழுதாத மனுசன் என்ற பெருமை. கொழும்பில் ஒரு கந்தோரில் பதினாறு வருசம் புள்ளிவிபரம் எழுதினவர். மேலதிகாரி ஒருநாள் தோளில் கை போட்டு, "இந்தத் தொகையைக் கொஞ்சம் ஏத்தி விடும் ஐசே" என்று கேட்டபோது, "பேனை ஏறாது சேர்" என்று சொல்லிவிட்டு அதற்காக இடமாற்றமும் வாங்கினவர். இந்தக் கதையை மெல்பேர்ணில் அவர் வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்கப் போன எல்லாரும் குறைந்தது மூன்று தரம் கேட்டிருப்பார்கள்.

வேறு விசயங்களில் பொய் சொன்னாரா என்றால், அது கிடக்கிறது ஒரு கடகம் நிறைய. எழுபத்துநாலில் இங்கே வந்து இறங்கியபோது அவரின் கொழும்புச் சேட்டிபிக்கற்றை ஒருவரும் திருப்பிப் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. பட்டியில் ஓடிவருகிற பிஸ்கற்றுகளில் உடைந்ததைப் பொறுக்கி எறிகிற வேலை. ஆனால் மனுசன் காலமை ரெயினில் கழுத்துப்பட்டியோடுதான் போவார். அங்கே போய்க் கழற்றி மேலங்கி மாட்டுவார். எங்கடை ஆக்கள் கேட்டால் "உணவுத் துறை, தரக் கட்டுப்பாடு" என்பார். சும்மா சொல்லக்கூடாது, உடைந்த பிஸ்கற்றைப் பொறுக்குவதும் ஒரு தரக் கட்டுப்பாடுதானே!

இரண்டு வருசம் அப்படிப் போனது. எழுபத்தாறு கடைசியில்தான் கதவு திறந்தது. கார்ல்ற்றனில் ஒரு சின்ன ஆராய்ச்சிக் கந்தோர். டொக்டர் பிரென்டிஸ் என்ற அம்மா அதன் தலைவி. குடியேறி வந்தவர்களின் வழிவந்த குடும்பங்களைப் பற்றி ஓர் ஆய்வு நடத்த அவவுக்கு எண் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார். ஆறு மாதத்துக்குத்தான் வேலை. வேலை பிடித்திருந்தால் நிரந்தரமாக்குவதாக அவ சொல்லியிருந்தா. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் சச்சிதானந்தனும் மனைவி சிவனேஸ்வரியும் அந்த ஆறு மாதமும் மூச்சு விட்டார்கள். திரும்பவும் அந்தப் பிஸ்கற் பட்டிக்குப் போவதென்றால் நாண்டுகொண்டு சாகலாம் என்று அவர் வாய்விட்டே சொல்லியிருக்கிறார்.

ஆய்வு இதுதான். நோர்வேயில் இருந்து வந்தவர்களின் வழிவந்த நாற்பது வீடு. ருமேனியாவில் இருந்து வந்தவர்களின் நாற்பது வீடு. இரண்டு கூட்டத்திலும் ஆர் முன்னுக்கு வந்திருக்கிறார்கள், ஆர் பின்தங்கி நிற்கிறார்கள், ஏன்? என்ன தொழில், வீடு சொந்தமா வாடகையா, பிள்ளைகள் எதுவரை படித்தார்கள், பக்கத்து வீட்டாரோடு பழக்கம் எப்படி என்று இரண்டு பக்கப் படிவம்.

முதல் நாளே சச்சிதானந்தன் ஒரு பிழை பிடித்தார். "டொக்டர், நோர்வேக்காரரின் பூட்டன்மார் பாய்க்கப்பலில் வந்தவர்கள். ருமேனியர் பெரும்பாலும் போருக்குப் பிறகு வந்தவர்கள். தொண்ணூறு வருசம் இங்கே இருந்த குடும்பத்தையும் இருபது வருசம் இருந்த குடும்பத்தையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓட விட்டால் அது ஓட்டப்பந்தயமா?"

டொக்டர் பிரென்டிஸுக்கு முகம் மலர்ந்து போனது. "அதைச் சரிக்கட்டத்தான் நீங்கள் வேண்டும், மிஸ்டர் சச்சி" என்றா. முழுப் பெயரும் அவவின் வாய்க்குள் அடங்காது.

படிவத்தின் அடியில் கடைசியாக ஒரு சின்னப் பெட்டி இருந்தது. வீட்டின் தரம்: ஒன்று முதல் ஐந்து வரை. அதைப் பேட்டி எடுக்கப் போகிறவர்தான் நிரப்ப வேண்டும். எப்படி நிரப்புவது என்று அவர் கேட்டார். "யோசிக்கவே வேண்டாம். உள்ளே போய் இருந்ததும் மனதில் என்ன படுகிறதோ, அதைப் போடுங்கள்" என்றா டொக்டர். யோசிக்காமல் போடு என்று சொன்னாவே, அதில் வந்ததுதான் வினை.

வீடுகளுக்குப் போனவர்கள் இரண்டு பேர். ஐம்பத்திரண்டு வீட்டுக்கு சச்சிதானந்தன். மிச்ச வீடுகளுக்கு ஜில் என்ற மாணவி. இருபத்திரண்டு வயது, சைக்கிளில் திரிகிற பிள்ளை.

மோடியாலொக்கில் ஹல்வோர்சன் என்ற நோர்வே வழிக்காரரின் வீடு. படகு கட்டுகிற தச்சர். மூன்றாம் தலைமுறை, நோர்வே மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. கதிரை முழுக்க நாய் மயிர். கோப்பையில் ஒரு கீறல், அதற்குள் பழைய கறை. சச்சிதானந்தன் தேத்தண்ணியை வாங்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். நாயைத் தடவியும் கொடுத்தார். வெளியே வந்து கடைசிப் பெட்டியில் ஐந்து போட்டார். நல்ல ஆக்கள்.

அடுத்த கிழமை, மாசி மாதத்து வெயில். மெல்பேர்ண் வெயில் அடித்தால் அடுப்படிதான். புட்ஸ்கிறே ஸ்ரேசனில் இறங்கி இருபது நிமிடம் நடந்து ஒரு ருமேனியரின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். விர்ஜில் முந்தியானு, ஐம்பது வயது. மனைவி அவ்றேலியா. வீடென்றால் வீடு. தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம். சுவர் முழுக்கப் புத்தகம். மூத்த மகன் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கிறான்.

"தொழில்?" என்று கேட்டார் சச்சிதானந்தன்.

"தோல் பதனிடுகிற இடத்தில். பச்சைத்தோல் ஊறப்போடுகிற தொட்டியில் நிற்கிறேன்" என்று முந்தியானு தன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். விரல்கள் நகத்தடிவரை கபில நிறம் ஏறிப்போய் இருந்தன. "அங்கே என்றால் நான் பாலங்களுக்குப் படம் கீறினவன். இங்கே என் பத்திரம் செல்லாது." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டு பிஸ்கற் பொறுக்கப் போன மனுசனுக்கு அந்த இடத்தில் நெஞ்சு உருகியிருக்க வேண்டும். உருகவில்லை. அவர் கண் அந்த விரல்களிலேயே நின்றது.

அந்த நேரம் பார்த்து அவ்றேலியா ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தா. சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரேயொரு கரண்டி செர்ரிப் பழப்பாகு. பக்கத்தில் உயரமான கிளாசில் குளிர்ந்த தண்ணீர், வெளியே வியர்த்து வடிந்துகொண்டிருந்தது. "வீட்டுக்கு முதல்முறை வருகிறவருக்கு இனிப்பும் தண்ணீரும் கொடுப்பது எங்கள் வழக்கம். பேச்செல்லாம் பிறகுதான்" என்றா.

சச்சிதானந்தனுக்குத் தொண்டை காய்ந்து ஒட்டிப்போய்க் கிடந்தது. ஆனால் கை நீளவில்லை. வேண்டாம் என்று அவர் ஒன்றும் தீர்மானிக்கவும் இல்லை. கை தன்பாட்டில் மடியிலேயே கிடந்தது. வாய்தான் பொய்யைத் தேடிப் பிடித்தது. "மன்னிக்க வேணும், இன்று எனக்கு விரதம். பச்சைத் தண்ணியும் பல்லில் படக்கூடாது."

விரதமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அன்று காலமை மனுசன் நாலு இட்டலி வெட்டிவிட்டுத்தான் வெளிக்கிட்டவர்.

அவ்றேலியா பதறிப்போனா. "ஐயோ, எங்களுக்கும் நோன்பு இருக்கிறது. தெரியாமல் உங்கள் கண்முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டேனே" என்று, தான்தான் குற்றம் செய்தவ மாதிரித் தட்டை அவசரமாகத் திருப்பி எடுத்துக்கொண்டு போனா. அவர் விடைபெறும்போது, நாளைக்கு வீட்டில் வைத்துச் சாப்பிடுங்கள் என்று பழப்பாகை ஒரு போத்தலில் அடைத்துக் கையில் தந்தா. சச்சிதானந்தன் அதை ஸ்ரேசன் குப்பைத்தொட்டிக்குள் போட்டார். பிறகு ஸ்ரேசன் குழாயில் வாய் வைத்து மடக்கு மடக்கென்று குடித்தார். படிவத்தை முழங்காலில் வைத்துக் கடைசிப் பெட்டியில் இரண்டு என்று எழுதினார். யோசிக்கவில்லை. பேனை ஒரு தடக்கும் இல்லாமல் ஓடியது.

இந்த மனுசன் ஊரில் ஆர் தெரியுமோ? சாவகச்சேரிப் பக்கத்தில் ஊரையே ஆண்ட விதானையாரின் மகன். ஆனால் கோயில் கதவை எல்லாருக்கும் திறந்துவிட வேண்டும் என்று கையெழுத்து வாங்க வந்தபோது, தகப்பன் முறைத்துப் பார்க்க, கையெழுத்துப் போட்டவர். கொழும்பில் ஆர் வீடு, எவர் கை என்று பார்க்காமல் சாப்பிட்டவர். அதெல்லாம் ஊர்ப் பைத்தியம், தன்னிடம் இல்லை என்று நம்பினவர். சத்தியமாக நம்பினவர்.

சித்திரை முடிய எண்பது படிவமும் வந்து சேர்ந்தது. எண்களை அட்டையில் துளைபோட்டுக் கொம்பியூட்டருக்குள் விட்டு எடுத்தார்கள். முதல் பார்வைக்கு நோர்வே வழியினர் எல்லாவற்றிலும் முன்னுக்கு. சச்சிதானந்தன் வந்து எத்தனை வருசம் என்பதைச் சரிக்கட்டினார். இங்கே பிறந்த பிள்ளைகளை இங்கே பிறந்த பிள்ளைகளோடு மட்டும் ஒப்பிட்டார். வித்தியாசம் வெயிலில் வைத்த வெண்ணெயாகக் கரைந்தது. படிப்பு சரிக்குச் சரி. சொந்த வீடு வாங்குவதில் ருமேனியர் ஒரு படி முந்தியே நின்றார்கள். மனுசனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. எண்ணைச் சரியாகக் கேட்டால் எண் நியாயம் சொல்லும் என்று சிவனேஸ்வரிக்கு வீட்டில் பிரசங்கம் வைத்தார்.

ஆனால் ஒன்று மட்டும் கரையவில்லை. கடைசிப் பெட்டி. நோர்வேக்கு நாலரைக்குக் கிட்ட, ருமேனியாவுக்கு மூன்றரைக்குக் கீழே. எந்தப் பக்கத்தால் சரிக்கட்டினாலும் அது அசையவில்லை.

டொக்டர் பிரென்டிஸ் அந்த அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினா. "ஆக, வருசமும் படிப்பும் விளக்காத ஒன்று அந்த ஆட்களிடம் இருக்கிறது. வாழ்க்கை முறை. அறிக்கையின் முடிவுரையில் இதைத்தான் எழுதப்போகிறேன்" என்றா. அந்த அறிக்கை அரசாங்கக் குழு ஒன்றுக்குப் போக இருந்தது. வெளிநாட்டுப் படிப்புப் பத்திரங்களை இங்கே ஏற்கலாமா என்று ஆராய்கிற குழு. பாலத்துக்குப் படம் கீறினவர்களின் பத்திரங்கள்.

அந்தப் பெட்டியை நிரப்பினது தன் கையும்தானே என்று சச்சிதானந்தன் தன் மேசைக்குத் திரும்பினார். மத்தியானச் சாப்பாட்டுப் பொதியை அவிழ்க்காமல், தான் இரண்டு போட்ட படிவங்களை மட்டும் பிரித்து மேசையில் பரப்பினார். பதினேழு. ஒவ்வொன்றிலும் தொழில் என்ன என்று விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். தோல் பதனிடும் இடம். மாடு வெட்டுமிடம். ஆஸ்பத்திரிச் சலவை. தோல். சலவை. மாடு வெட்டுமிடம். தோல். தலைமயிர் வெட்டுகிறவர். தோல்.

பதினேழாவது ருமேனியர் அல்ல. மோடியாலொக் ஹல்வோர்சனின் கூடப்பிறந்த தம்பி. அடுத்த வளவு. தகப்பன் ஒரே மாதிரிக் கட்டிக்கொடுத்த இரட்டை வீடு. தம்பியின் வீட்டுக்குப் புதுப் பெயின்ற் அடித்திருந்தது, நாயும் இல்லை. தமையனுக்கு ஐந்து, தம்பிக்கு இரண்டு. தம்பி சவக்காலையில் குழி வெட்டுகிறவர்.

அங்கே தேத்தண்ணி தந்தார்களா என்று யோசித்துப் பார்த்தார். தந்தார்கள். விரதம் என்று சொல்லியிருந்தார்.

கடவுளே! ருமேனியாவுமில்லை, நோர்வேயுமில்லை. மனுசன் ஐம்பத்திரண்டு வீட்டுக்கும் போய்ச் சாவகச்சேரியை அளந்துவிட்டு வந்திருக்கிறார். ஆர் வீட்டில் தண்ணி குடிக்கலாம், ஆர் வீட்டில் குடிக்கக்கூடாது என்று. அதை ஒருவரும் அவருக்கு இருத்திவைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை. தாய்ப்பாலோடு இறங்கினது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள், இது கடல் கடந்து கார்ல்ற்றன் கொம்பியூட்டருக்குள்ளும் போய்விட்டதே!  ஒருவரும் பார்க்கவில்லை என்று தெரிந்தும் படிவங்களைக் கவிழ்த்து வைத்தார்.

பின்னேரம் குசினிக்குள் சிவனேஸ்வரியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவ அரிசி களைகிறதை நிறுத்தவில்லை.

"வியாழக்கிழமைதானே உங்கட வேலையைப் பற்றி முடிவு சொல்லுவினம்?"

"ஓம்."

"அப்ப வாயை மூடிக்கொண்டு இருங்கோ. நுணலும் தன் வாயால கெடுமாம். ஆருக்குத் தெரியப்போகுது? அந்த வெள்ளைக்காரிக்கு இதுகள் விளங்குமே? உள்ள கஞ்சிக்குள்ள மண்ணை அள்ளிப் போடாதேங்கோ."

"எண் பிழையப்பா... பொய் எண்."

"எண்ணும் மண்ணும்! நீங்கள் வேணுமெண்டு போட்டனீங்களே? இல்லைத்தானே. எங்கட ஆக்கள் ஆரைக் கொண்டுபோய் விட்டாலும் அப்பிடித்தான் போட்டிருப்பினம். நானும் அந்தத் தண்ணியைக் குடிச்சிருக்க மாட்டன்."

அதைக் கேட்டதும் அவருக்கு ஆறுதலாகவும் இருந்தது, அருவருப்பாகவும் இருந்தது.

வியாழக்கிழமை பாதி உண்மையோடு கந்தோருக்குப் போனார். இருக்கிற வழிகளில் அதுதான் மானத்துக்குச் சேதம் இல்லாத வழி. "டொக்டர், கடைசிப் பெட்டியை நம்ப ஏலாது. ஜில்லும் நானும் இரண்டு விதமாகப் போட்டிருக்கிறோம். அதை எடுத்துவிடுவது நல்லது" என்றார். ஏன் என்று சொல்லவில்லை.

டொக்டர் இரண்டு பேரின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தா. ஜில்லின் படிவங்களில் நோர்வேயும் ருமேனியாவும் ஒன்றுதான், எல்லாம் நாலும் ஐந்தும். பிறகு ஜில்லைக் கூப்பிட்டு இருக்கச் சொன்னா.

"மிஸ்டர் சச்சி நல்லகாலம் கண்டுபிடித்தார். ஜில், உன் அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவ இல்லையா? அப்படியான வீடுகளைக் கண்டால் உன் மனம் இளகும். அது இயல்பு. ஆனால் அது ஆராய்ச்சி இல்லை. பெட்டியை எடுக்கத் தேவையில்லை. உன் எண்களை எடுத்துவிடுவோம். பதினாறு வருச அனுபவம் உள்ளவரின் எண்கள் இருக்கட்டும்."

ஜில்லின் கழுத்தெல்லாம் சிவந்துபோனது. "நான் பார்த்ததைத்தான் போட்டேன்" என்றாள். 

"இருக்கலாம். அடுத்த ஆய்வுக்கு உன்னை எடுப்பதைப் பற்றி நான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்" என்றா டொக்டர். பிறகு சச்சிதானந்தனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு தன் இலாச்சியைத் திறந்தா. நிரந்தர வேலைக்கான கடிதம் அதற்குள் இருந்ததை அவர் கண்ணாலே கண்டார்.

சும்மா இருந்தால் போதும். ஒரு பொய்யும் சொல்லத் தேவையில்லை. ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். அவர் இருந்தார். அரை நிமிடம் இருந்தார், அதை மறைக்க வேண்டியதில்லை. ஜில் தன் படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். மேல் படிவத்தில் ஒரு சொட்டு விழுந்தது. அவள் அதைப் புறங்கையால் துடைத்தாள்.

"அவளின் எண்கள் சரி" என்றார் சச்சிதானந்தன். "என்னுடையதுதான் பிழை."

இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். சொல்லத் தொடங்கியபிறகு நிறுத்த முடியவில்லை. தங்களின் ஊரில் தோலைத் தொடுகிறவர்கள், மயிர் வெட்டுகிறவர்கள், மற்றவர்களின் உடுப்பு வெளுக்கிறவர்கள், குழி வெட்டுகிறவர்கள் வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள் என்றார். அதற்கு ஒரு காரணமும் இல்லை, பிறப்புத்தான் என்றார். அதைத் தான் விட்டுவிட்டதாக நினைத்திருந்ததையும், புட்ஸ்கிறேயில் விரதம் என்று பொய் சொன்னதையும், அண்ணனுக்கு ஐந்தும் தம்பிக்கு இரண்டும் போட்டதையும் சொன்னார். உடுப்பு வெளுக்கிறவர்கள் என்று சொன்னபோது ஜில் இருந்த பக்கம் பார்க்க முடியாமல் மேசைக் காலைப் பார்த்துச் சொன்னார்.

டொக்டர் இலாச்சியை மூடினா. வேலை கிடைக்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசிப் பெட்டி அறிக்கையில் இருந்து எடுபட்டது. ஒரே காலத்தில் வந்தவர்களையும் இங்கே பிறந்தவர்களையும் ஒப்பிட்டால் இரு கூட்டத்துக்கும் வித்தியாசம் காணவில்லை என்று முடிவுரை போனது. ஜில் அடுத்த ஆய்விலும் இருந்தாள். சச்சிதானந்தன் இன்னும் ஒன்றரை வருசம் பிஸ்கற் பொறுக்கி, பிறகு ஒரு போக்குவரத்துக் கந்தோரில் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றார். அதெல்லாம் அவரைச் சுடவில்லை. மனுசனை ஆயுளுக்கும் சுட்டது அதற்கு அடுத்த நிமிடம் நடந்ததுதான்.

டொக்டர் பிரென்டிஸ் கோபிக்கவில்லை. பென்சிலை எடுத்துக்கொண்டு, அறிய வேண்டும் என்ற ஆசையில் மட்டும் கேட்டா: "அந்த வரிசையில் நீங்கள் எங்கே, மிஸ்டர் சச்சி?"

"மேலே" என்றார் அவர். "எல்லாருக்கும் மேலே."

சொல்லும்போதே அவரின் முதுகு கதிரையில் இருந்து எழும்பி நேராக நிமிர்ந்தது, நாடியும் மேலே தூக்கிக்கொண்டது. அவர் நிமிர்த்தவில்லை, அது தானாகவே நிமிர்ந்தது. அதை அவர் உணர்ந்து, ஐயோ என்று தோளைத் தளர்த்திக் குனிவதற்குள் ஜில் கண்டுவிட்டாள்.